கிரானில் கூடிய மாதிரிச் சபை

மலர்க் குழுவினர் நம் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதுமாறு பணித்தனர். அந்நாட்களை எம்மினும் நன்றாக எழுத வல்ல பழைய மாணவர் பலர் உளர். ஆதலின், பின்னாளில் ஆசிரியப் பணியின்போது கிரானில் யாம் கண்ட ஒன்றை ஈண்டுக் கூறத் துணிந்தோம். அரசியல் முறையை இளையோர்க்குக் கற்பிப்பது பற்றிய செய்தி அது.

இலங்கைப் பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் நடைபெறுவதை யாவரும் அறிவர். வாக்குச்சீட்டு, பெட்டி, சபாநாயகர், பிரதமர், அமைச்சர் எல்லாம் உண்டு. பதவிப் பிரமாணம் முடிந்து படமும் எடுத்த பின்னர், அமைச்சர்களுக்குப் பெரும்பாலும் வேலை இராது. வேடத்தைக் கற்பிப்பது வேறு, தொழிலைக் கற்பிப்பது வேறு என்பது எம் கருத்து. எனவே யாம் பிரதேச சபையையே மாதிரியாகக் கொண்டோம். உறுப்பினர் 21 பேர்; பிள்ளைகள் வாழும் ஊர்களே வட்டாரங்கள். ஆண்டுக்கொரு கற்பனை நிதியும் வகுத்தோம். எல்லா வேண்டுகோளுக்கும் அது போதாதவாறு வேண்டுமென்றே குறைத்து வைத்தோம்.

கிரானை அறிந்தவர்க்குப் புலிபாய்ந்தகல் வீதியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. மாரி வெள்ளம் அவ்வீதியை மூடினால், அப்பாலுள்ளோர் தோணியிலும் உழவு இயந்திரத்திலுமே வந்து போவர். தை மாதக் கூட்டத்தன்று தோணி பிந்திவிட்டது. மறுகரை உறுப்பினர் அறுவரும் வரவில்லை. வந்திருந்தோர் 15 பேர், நிறைவெண்ணோ 7. நம் பாராளுமன்றத்தின் 225 பேரில் 20 பேர் இருந்தாற் போதும் என்று ஒரு பையன் சட்டம் பேசினான். சபை கூடிற்று. நிதி முழுவதும் இக்கரை வீதி விளக்குகளுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒதுக்கப்பட்டது. விதி ஒன்றேனும் மீறப்படவில்லை.

மாசிக் கூட்டத்தில் மறுகரை மாணவி ஒருத்தி எழுந்து, எம்மை நோக்கி, "சேர், நாங்கள் இல்லாத நாளில் எடுத்த தீர்மானம் எங்களையும் கட்டுமா?" என்று வினவினாள்.

"தவிசாளரைக் கேள், பிள்ளை" என்றோம்.

கட்டும் என்றான் தவிசாளன். தீர்மானித்த விடயத்தை அவ்வாண்டில் மீண்டும் எடுக்கலாகாது என்பது அவர்களே இயற்றிய விதி. ஆனால் அவள் கையில் வேறொரு தாள் இருந்தது. வெள்ளக் காலத்தில் முதற்றோணி வந்து சேர்ந்த பின்னரே கூட்டம் தொடங்க வேண்டும் என்பது அதிற் கண்ட திருத்தம்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1944இல் சிங்களத்தை அரச மொழியாக்கும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தன அரசாங்க சபையிற் கொணர்ந்தபோது, திருகோணமலை - மட்டக்களப்பு உறுப்பினர் வி. நல்லையா தமிழையும் சேர்க்குமாறு திருத்தம் கொணர்ந்தார். திருத்திய பிரேரணை 27க்கு 2 என்னும் வாக்கில் நிறைவேறிற்று. இதனை முன்னரே வகுப்பிற் கூறியிருந்தோம். "1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்ததே, திருத்தத்தால் என்ன பயன்?" என்று ஒருவன் அப்போதே கேட்டான். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியதைச் சொன்னோம். நாற்பத்து மூன்று ஆண்டா என்று அவன் விரல்விட்டு எண்ணினான். அவனுக்கு அதற்குமேல் விடையளிக்க எம்மால் இயலவில்லை.

அவள் திருத்தத்துக்கு ஆதரவு 10, எதிர்ப்பு 10. தவிசாளன் எம் முகத்தைப் பார்த்தான். யாம் யன்னலைப் பார்த்தோம். சற்று நேரம் வியர்த்திருந்துவிட்டு, "ஒருவனுடைய வாக்கால் விதியை மாற்றக்கூடாது" என்று கூறி எதிர்த்து வாக்களித்தான். வாக்குகள் சமமாயின் இருந்த நிலையைக் காப்பதே இங்கிலாந்துப் பொதுச் சபையின் சபாநாயகர் மரபு. அவன் அதைப் படித்தவனல்லன். மறுகரைப் பிள்ளைகள் அவனுடன் இரண்டு நாள் பேசவில்லை.

அவள் அழவுமில்லை, எம்மிடம் முறையிடவுமில்லை. மதிய இடைவேளைகளில் இக்கரை உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் போனாள். விளக்கு வேண்டுமென்று வாதாடிய ஒருவனின் தந்தைக்கு அக்கரையில் வயல் இருந்தது. பங்குனியில் அத்திருத்தம் 11க்கு 9 ஆக நிறைவேறிற்று. நிதி ஒதுக்கீடு மாறவில்லை, விளக்குகள் இக்கரைக்கே.

அடுத்த கார்த்திகையில் ஒருநாள் பத்து மணிக்குக் கூட்டம் குறித்திருந்தது. மழை கொட்டியது. மணி பத்தேமுக்கால் வரையில் தவிசாளன் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அறுவரும் ஈரக் கால்களோடு வந்து அமர்ந்தனர். அடுத்த ஆண்டு நிதியில் தோணித்துறைக்கு ஒரு கொட்டகை என்னும் பிரேரணை முதலில் எடுக்கப்பட்டது.