அப்பாவைப் பார்க்க லீவு

அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். போக, வர, ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க என்று சேர்த்தால் அரை நாளுக்கு மேல். பக்கத்து நாற்காலியில் லேப்டாப்பை விரித்துக்கொள்வேன். மீட்டிங் நடுவே மெஷின் அலாரம் அடித்தால், "எங்கப்பா இருக்கே?" என்பார் மேனேஜர். அப்பாவோ, "நீ ஆபீசுக்குக் கிளம்பு, நான் ஆட்டோ பிடிச்சு வந்துடுவேன்" என்பார். பிரஷர் இறங்கி எழுந்து நிற்கவே தடுமாறுகிறவர், ஆட்டோ பிடிப்பாராம்!

பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தரச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். வயதான பெற்றோரைக் கைவிட்டால் தண்டிக்க 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. கைவிடாமல் கவனிக்கிறவனுக்கு நேரம் கொடு என்று தனியார் நிறுவனத்திடம் சொல்லத்தான் சட்டம் இல்லை. இருக்கிற லீவு தீர்ந்தால் சம்பளத்தில் பிடித்தம். யாராவது வேலையை விடலாமா என்று பேச்சு வந்தால் எல்லார் பார்வையும் வீட்டுப் பெண்கள் பக்கம் திரும்புகிறது. அது தனிக் கதை.

மேனேஜராக இருக்கும் நண்பர்களே, உங்கள் டீமிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஷிப்ட் மாற்றித் தரட்டுமா என்று நீங்களே முதலில் கேளுங்கள்.