பரணில் ஏறுமுன் படியைப் பாருங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. தோட்டம், வயல் வைத்திருப்பவர்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள். வாசிக்க நேரமில்லாத வாப்பாமார், மாமாமாருக்கு வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

மரவள்ளி கிழங்கு வைக்கும் காலம் வந்துவிட்டது. இரண்டு கிழமையாக இரவில் மேட்டுப் பக்கம் பார்த்தால் மரங்களுக்கு நடுவில் டோர்ச் வெளிச்சம் தெரிகிறது. தகரம் தட்டும் சத்தம் கேட்கிறது. புளத்கொகுபிட்டியவில் மறுபடியும் ஆட்கள் பரண் ஏறத் தொடங்கிவிட்டார்கள். அதைக் கண்டதும்தான் இதை எழுத உட்கார்ந்தோம்.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற எங்களுக்கும் பின்னேரமானால் தோட்டம்தான். கொஞ்சம் மிளகு, நாலைந்து கராம்பு மரம், கீழே மரவள்ளியும் வற்றாளையும். எங்கள் வீட்டில் யாரும் வேட்டைக்காரர் இல்லை. பன்றி எங்களுக்குத் தேவையும் இல்லை. ஆனால் எங்கள் மரவள்ளி பன்றிக்குத் தேவை. ஒரு கூட்டம் ஒரு இரவு வந்து போனால் ஆறு மாத உழைப்பு கிளறிய மண்ணாகத்தான் மிஞ்சும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 5 நிமிடம், நாடு முழுக்கக் குரங்கு, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணினோமே, நினைவிருக்கும். பன்றி அப்படிப் பகலில் வந்து கணக்குக் கொடுக்காது. அதனால் நாங்கள்தான் இரவில் விழித்திருக்க வேண்டும்.

பரண் புதிய விஷயமும் இல்லை. உயர்தரப் பிள்ளைகளுக்குக் குறிஞ்சித் திணையைச் சொல்லிக்கொடுக்கும்போது இதைச் சொல்வோம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில், தினைப்புனம் காக்கும் பெண்கள் மரத்தின் மேல் கட்டிய இதணத்தில் ஏறித்தான் கிளி விரட்டுகிறார்கள். எங்கள் சிங்கள அயலவர்கள் அதையே 'பெல' என்கிறார்கள். இந்தியாவில் புலி வேட்டைக்கு மரத்தில் கட்டிய தளத்துக்கு ஹிந்தியில் 'மச்சான்' என்று பெயர். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் போகும். அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் இரும்பில் செய்த 'ட்ரீ ஸ்டாண்ட்' வாங்கி மரத்தில் பூட்டுகிறார்கள். பெயர் எதுவானாலும் எல்லா இடத்திலும் ஆட்களை முடமாக்குவது ஒன்றுதான். மிருகம் இல்லை, விழுகை.

அது எங்களுக்கு எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

மூன்று வருடத்துக்கு முன் ஒக்டோபரில் எங்கள் பெரிய நானா பரணிலிருந்து விழுந்தார். பலா மரத்தில், 14 அடி உயரத்தில், பாக்கு மரச் சிலாகை போட்டு நாங்களே கட்டிய பரண். மூங்கில் ஏணி. கட்டுகள் எல்லாம் தும்புக் கயிறு. முதல் வருடம் கல்லுப் போல இருந்தது. இரண்டாம் வருட மழைக்குப் பிறகு மேலிருந்து மூணாவது படி கொஞ்சம் உருளத் தொடங்கியது.

இதை எங்களில் ஒவ்வொருவரும் கண்டோம். முறை வைத்துக் காவல் இருந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் அந்தப் படியில் காலை ஓரமாக வைத்து ஏறப் பழகிக்கொண்டோம். "மூணாவது படி கவனம் மச்சான்" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லியும் அனுப்பினோம். ஒரு முழக் கயிறு எடுத்துக் கட்ட எங்களில் ஒருத்தருக்கும் நேரம் வரவில்லை. நாளைக்கு முறை வருகிறவர் கட்டுவார் என்று ஐந்து பேரும் நினைத்தோம்.

அன்றைக்கு சுபஹ் பாங்கு சொல்லும்போது நானா தூக்கத்திலிருந்து எழும்பி இறங்கினார். கால் மரத்திருந்தது. ஏணியில் பனி ஈரம். கையில் டோர்ச். உருளும் படி என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

கீழே நாங்கள் செய்தது அதைவிடப் பெரிய பிழை. சத்தம் கேட்டு ஓடிப்போய், முனகிக்கொண்டிருந்தவரைச் சாரத்தில் போட்டுத் தூக்கி, முச்சக்கர வண்டியில் மடக்கி ஏற்றினோம். அன்பால்தான் செய்தோம். முதுகெலும்பு உடைந்த ஒருவரை அப்படி மடக்கினால் உள்ளே நரம்புக்கு இன்னும் சேதம் வரலாம் என்று டொக்டர் பிறகு விளக்கினார். எங்கள் கை அவருக்கு எவ்வளவு கெடுதல் செய்தது என்று இன்றைக்கு வரை நாங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அல்ஹம்துலில்லாஹ், நானா உயிரோடு இருக்கிறார். மாதக்கணக்கில் படுக்கையில் இருந்து, பயிற்சி செய்து, இப்போது கோலூன்றி நடக்கிறார். தோட்டத்துக்குள் இறங்க முடியாது. மரவள்ளி பிடுங்கும்போது வாசலில் கதிரை போட்டு இருந்து பார்ப்பார். ஒரு நாளும் எங்களைக் குற்றம் சொன்னதில்லை. அதுதான் எங்களுக்குப் பாரம்.

அந்த வருடம் முழுக்க யாரும் பரண் ஏறவில்லை. மரவள்ளியும் போனது. அடுத்த வருடம், மேட்டில் கித்துல் வெட்டுகிற எங்கள் சிங்கள அண்ணனைப் போய்ப் பார்த்தோம். தினமும் இரண்டு வேளை மரம் ஏறுகிற மனிதர். அவர் புதிதாக எதையும் சொல்லவில்லை. ஏறும் முன் ஒவ்வொரு கட்டையும் கையால் இழுத்துப் பார்த்தார், அவ்வளவுதான். காலையில் பார்த்த கட்டைப் பின்னேரமும் பார்த்தார். கயிறு நன்றாக இருக்கும்போதே மாற்றுவதாகச் சொன்னார். இற்றுப்போன பிறகு மாற்ற நினைத்தால் அதை முதலில் கண்டுபிடிப்பது நம் கால்தானாம்.

அவரிடமும், கட்டட வேலை செய்கிற எங்கள் மருமகனிடமும் கேட்டுப் படித்து, இப்போது நாங்கள் செய்வதை எழுதுகிறோம்.

மரம்: உயிருள்ள, நேரான, நல்ல பருமனான மரம். பலா நல்லது. ரப்பரும் அல்பீசியாவும் காற்றுக்கு முறியும், கராம்புக் கிளை சொல்லாமல் ஒடியும், அதனால் அவை வேண்டாம். பட்ட மரம் வேண்டவே வேண்டாம். சரிவில் அடிமண் வெடித்திருந்தால், மரம் சாய்ந்திருந்தால் அதையும் விடுங்கள். 2016 மே மாதத்து மண்சரிவைக் கண்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. குளவிக் கூடு இருக்கிறதா என்று பகலிலேயே அண்ணாந்து பாருங்கள்.

உயரம்: பன்றிக்கு 10 அடி போதும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு அடியும் விழுகையைத்தான் பெரிதாக்கும்.

கட்டு: தும்புக் கயிறு நம் மழையில் இற்றுவிடும். நைலோன் வெயிலில் வெடிக்கும், முடிச்சும் வழுகும். மரம் காற்றில் ஆடுகிறது, பருக்கிறது. எந்தக் கட்டும் கட்டிய மாதிரியே இருக்காது. சீசன் தொடங்கும்போது எல்லாக் கயிற்றையும் புதிதாக மாற்றுங்கள்.

ஏணி: நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் கால் வெளியே தள்ளி நிற்க வேண்டும். தலைப்பகுதி தளத்துக்கு மேலே மூன்றடி நீண்டிருக்க வேண்டும். பிடித்துக்கொண்டு தளத்துக்குள் காலை மாற்ற அதுதான் உதவும். ஏணியிலிருந்து தளத்துக்கு மாறும் அந்த நிமிடம் மிகவும் ஆபத்தானது. மேலும் கீழும் ஏணியை மரத்தோடு கட்டுங்கள்.

ஏறுவது: மரத்தைப் பார்த்தபடி ஏறுங்கள், மரத்தைப் பார்த்தபடியே இறங்குங்கள். இரண்டு கையும் இரண்டு காலும் ஆக நாலில் மூன்று எப்போதும் பிடியில் இருக்க வேண்டும். கையில் ஒன்றும் வேண்டாம். டோர்ச், பிளாஸ்க், பட்டாசு எல்லாம் பையில் போட்டுக் கீழே வைத்து, மேலே போனபின் கயிற்றால் இழுத்தெடுங்கள். அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருப்பவர்கள் தோட்டாவை எடுத்துவிட்டு, வாய் கீழ்நோக்கி இருக்கக் கட்டி இழுக்க வேண்டும். துவக்கோடு ஏறவே கூடாது.

பெல்ட்: கட்டட வேலைக்காரர் போடும், தோளும் தொடையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடம்பு பெல்ட்டையே போடுங்கள். இடுப்பில் மட்டும் கயிறு கட்டினால் விழும்போது வயிற்றையும் நெஞ்சையும் நெரிக்கும். பெல்ட்டின் கயிறு தலைக்கு மேலே மரத்தில் குட்டையாகப் பூட்டியிருக்க வேண்டும். கால் மண்ணை விட்டது முதல் மண்ணைத் தொடும் வரை பூட்டு கழறக் கூடாது, தூங்கும்போதும்தான். விழுந்து தொங்கினால் சும்மா தொங்காதீர்கள், காலில் இரத்தம் தேங்கும். காலை அசைத்து, மரத்தில் மிதிக்க இடம் தேடி, சத்தம் போடுங்கள். மிதிக்க ஒரு வளையக் கயிறு சட்டைப் பையில் இருந்தால் நல்லது.

நேரம்: எழும்பியவுடன் இறங்காதீர்கள். ஐந்து நிமிடம் இருந்து, காலைத் தேய்த்து, வெளிச்சம் வரப் பாருங்கள். இடிமின்னல் தொடங்குமுன்பே இறங்கிவிடுங்கள். பன்றியைத் துரத்திக்கொண்டு இருட்டில் ஓடாதீர்கள். யாரோ வைத்த கட்டுத்துவக்கும் மின்கம்பியும் நமக்கும் பன்றிக்கும் வித்தியாசம் பார்க்காது. அப்படியானவற்றை நம் தோட்டத்தில் வைப்பது குற்றம், பாவமும்கூட. காலையில் அந்த வழியாகக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் நம் அக்காமார்தான்.

யாராவது விழுந்தால்: தூக்காதீர்கள். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய வரும், இலவசம். வாகனம் வர முடியாத இடமென்றால் நாலைந்து பேர் சேர்ந்து, உடம்பை வளைக்காமல் ஒரு பலகையில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவாருங்கள். போன் பையில் இல்லை, உடம்பில் இருக்க வேண்டும். எந்த மரத்தில் இருக்கிறீர்கள் என்று வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அல்லாஹ் காப்பாத்துவான், இவ்வளவு எல்லாம் எதற்கு?" என்று ஒரு மாமா கேட்டார். தடுப்பில்லாத கூரையில் தூங்குபவர் விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. தடுப்பு வைப்பது நம் வேலை. அதை விட்டுவிட்டுப் பாதுகாப்புக் கேட்பது சரியில்லை என்றுதான் நாங்கள் விளங்குகிறோம். அந்த மாமாவும் பெல்ட் போட்டுத்தான் இப்போது ஏறுகிறார்.

எங்கள் புதிய பரணுக்குக் கீழே ஒரு கொப்பி தொங்குகிறது. அஸருக்குப் பிறகு அன்றைய முறைக்காரர் ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பார்த்துப் பெயரும் திகதியும் எழுத வேண்டும். ஏதாவது ஆடினால் அவர்தான் கட்ட வேண்டும், அன்றைக்கே. நாளைய ஆளுக்கு விடக் கூடாது. கொப்பியை ஞாயிற்றுக்கிழமைகளில் நானாவிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர் வாசலில் இருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பார். ஒரு நாள் எழுதாமல் விட்டிருந்தால் அன்றைக்கு யார் முறை என்று கேட்பார். அவர் எங்களிடம் கேட்கிற ஒரே கேள்வி அதுதான்.

எங்களிடம் இரண்டு பெல்ட் இருக்கிறது. எங்கள் முறை இல்லாத இரவுகளில் யாருக்கும் தருவோம். ஜாதி, மதம் கேட்க மாட்டோம், திருப்பித் தந்தால் போதும். கட்டுப் பார்க்க ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், பின்னேரம் வந்து பார்ப்போம்.

உங்கள் பரணிலும் ஆடுகிற படி ஒன்று இருக்கும். அது எந்தப் படி என்று உங்களுக்கு இப்போதே தெரியும். இன்றைக்கு மஃரிபுக்கு முன் போய்க் கட்டிவிடுங்கள்.

நானாவுக்காக துஆ செய்யுங்கள்.