கண்ணைத் திருப்பிக்காதே: குரோசாவாவின் நான்கு டாக்டர்கள்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ ஒண்ணு எடுத்துக்கிட்டு உக்காருங்க. சினிமா பற்றித்தான். ஆனா பாதிக்கு மேல மருத்துவமும் கலந்து வரும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இதுல தற்கொலை பற்றிய பேச்சு உண்டு. இப்போ மனசு சரியில்லாம இருக்கீங்கன்னா நேரா கடைசிப் பகுதிக்குப் போயிடுங்க. மத்ததை அப்புறம் படிச்சுக்கலாம்.

அகிரா குரோசாவா. 1910 மார்ச் 23, டோக்கியோவில் பிறந்தவர். 1943 முதல் 1993 வரை 50 வருஷத்தில் 30 படங்கள். 'ராஷோமோன்', 'செவன் சாமுராய்' பேரை எல்லாரும் கேட்டிருப்போம். வாள், குதிரை, கொட்டுற மழை. அவர்னாலே அதுதான் ஞாபகம் வரும்.

நான் சொல்ல வந்தது அவரோட ஸ்டெதஸ்கோப் படங்களைப் பற்றி. 1948-க்கும் 1965-க்கும் நடுவில் நாலு படங்களில் கதையோட முக்கியமான திருப்பத்தை ஒரு டாக்டர் கையில் கொடுத்திருக்கார். மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த நாலையும் பாடமாகவே வைக்கலாம்.

அதுக்கு முன்னாடி அவர் சின்ன வயசில் நடந்த ஒரு விஷயம் தெரியணும்.

1923 செப்டம்பர் 1. கான்டோ நிலநடுக்கம். டோக்கியோவும் யோகோஹாமாவும் இடிஞ்சு, தீப்பிடிச்சு எரிஞ்சது. ஒரு லட்சம் பேருக்கு மேல் இறந்தாங்க. அகிராவுக்கு அப்போ 13 வயசு. அவரைவிட நாலு வயசு மூத்த அண்ணன் ஹெய்கோ, தம்பியைக் கூட்டிக்கிட்டு அந்த இடிபாடுகளுக்குள்ளே நடந்தார். எங்கே பார்த்தாலும் பிணங்கள். தம்பி முகத்தைத் திருப்பினப்போ, திருப்பாதே, நல்லாப் பாருன்னு அண்ணன் அதட்டினாராம்.

அன்னிக்கு ராத்திரி பயந்துபோய்த் தூக்கமே வராதுன்னு நினைச்ச பையன் நிம்மதியாத் தூங்கினான். அண்ணன் சொன்ன காரணம் எளிமையானது. கண்ணை மூடிக்கிட்டா பயம் மிச்சமிருக்கும். நேராப் பார்த்துட்டா பயப்பட ஒண்ணும் இருக்காது. தன் சுயசரிதையில் குரோசாவாவே இதை எழுதியிருக்கார்.

சினிமா ரசனையில் அவருக்கு வழிகாட்டினதும் அந்த அண்ணன்தான். ஹெய்கோ ஒரு 'பென்ஷி'. மௌனப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்னு கதை சொல்றவர். ஜப்பானில் அவங்களுக்கு நடிகர்களுக்குச் சமமான மவுசு இருந்தது. பேசும் படம் வந்தது, அந்தத் தொழிலே காணாமப் போச்சு. 1933-ல் ஹெய்கோ தற்கொலை செய்துகிட்டார். 27 வயசு.

இந்த இழப்பை மனசில் வச்சுக்கோங்க. கடைசியில் திரும்ப வருவோம்.

முதல் டாக்டர்: சனாடா. 'டிரங்கன் ஏஞ்சல்', 1948.

போர் முடிஞ்ச டோக்கியோ. சேரி நடுவில் அழுகிப்போன ஒரு குட்டை. அதன் கரையில் ஒரு கிளினிக். டாக்டர் சரியான குடிகாரர். கிளினிக்கில் இருக்கிற ஸ்பிரிட்டைக்கூடத் தண்ணி கலந்து குடிச்சிடுவார். நோயாளி ஒரு இளம் ரவுடி, மட்சுனாகா. கையில் பட்ட காயத்துக்கு வந்தவனுக்கு நுரையீரலில் டிபி இருக்குன்னு டாக்டருக்குச் சந்தேகம். அந்தக் காலத்தில் ஜப்பானில் உயிரிழப்புக்கு முதல் காரணமே டிபிதான்.

படம் முழுக்க ரெண்டு பேருக்கும் சண்டை. டாக்டர் கத்துவார், பாட்டிலைத் தூக்கி எறிவார், ஆனா விடமாட்டார். எக்ஸ்ரே எடுத்துக்கிட்டு வா, குடியை நிறுத்துன்னு துரத்திக்கிட்டே இருப்பார். தனக்கு ஒண்ணுமே இல்லைன்னு நிரூபிக்கிறதுதான் வீரம்னு அந்தப் பையன் நினைப்பான். நோயைப் பார்க்க மறுக்கிற நோயாளியும், பார்க்க வைக்கிற டாக்டரும். சர்க்கரை எவ்வளவுன்னு பார்க்கவே பயந்து ரெண்டு வருஷம் டெஸ்ட் எடுக்காம இருக்கிற ஆம்பளைங்க உங்க வீட்டிலேயும் ஒருத்தர் இருப்பார். அவருக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்க.

ரெண்டாவது: ஃபுஜிசாகி. 'தி கொயட் டூயல்', 1949.

போர்முனையில் அறுவை சிகிச்சை செய்யும்போது டாக்டர் கையில் ஒரு சின்ன வெட்டு. நோயாளியிடமிருந்து சிஃபிலிஸ் தொற்றிடும். ஊர் திரும்பினதும், ஆறு வருஷமாத் தனக்காகக் காத்திருந்த பெண்ணிடம் காரணம் சொல்லாமலே கல்யாணம் வேண்டாம்னு சொல்லிடுவார். சொன்னா, குணமாகற வரைக்கும் அவள் காத்துக்கிட்டே இருப்பாளேங்கிற பயம்.

ஊசி குத்திக்கிட்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் தூங்காத ராத்திரிகள் மருத்துவத் துறையில் பலருக்குத் தெரியும். நர்ஸுகளுக்கு இன்னும் நல்லாத் தெரியும். வெட்டுக்காயம் ஆறிடுது. யாரிடமும் சொல்லாம உள்ளேயே வச்சிருக்கிற பாரம்தான் அந்த மனுஷனைத் தின்னுது. ஒரு காட்சியில் அது மொத்தமா உடைஞ்சு வெளியே வரும். அந்த ஒரு காட்சிக்காகவே படம் பார்க்கலாம்.

மூணாவது டாக்டருக்குப் படத்தில் சில நிமிஷம்தான். 'இகிரு', 1952. 'வாழ்வது'ன்னு அர்த்தம். நாலில் எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

முதல் ஃபிரேமே ஒரு வயிற்று எக்ஸ்ரே. கேன்சர்னு பின்னணிக் குரல் நமக்குச் சொல்லிடும். வயிற்றுக்குச் சொந்தக்காரரான வட்டனாபேவுக்கு இன்னும் தெரியாது. நகராட்சி ஆபீசில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான சர்வீஸ். ஃபைலில் முத்திரை குத்துறதே வாழ்க்கை.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது பக்கத்தில் உக்கார்ந்த ஒருத்தர் தானா வந்து பேச்சுக் கொடுப்பார். டாக்டர் உங்களிடம் லேசான அல்சர்னு சொன்னா, ஆபரேஷன் வேண்டாம், பிடிச்சதைச் சாப்பிடுங்கன்னு சொன்னா, அது கேன்சர், ஒரு வருஷம்கூட இல்லைன்னு அர்த்தம்னு விளக்குவார். வட்டனாபே உள்ளே போவார். டாக்டர் வரி பிசகாம அதையே சொல்வார். லேசான அல்சர்.

அந்த டாக்டர் கெட்டவர் கிடையாது. அன்னிக்கு ஜப்பானில் வழக்கமே அதுதான். இந்த வழக்கம் ரொம்ப காலம் நீடிச்சது. 1989 ஜனவரியில் ஹிரோஹிட்டோ மன்னர் இறந்தபோதுதான் அவருக்கு இருந்தது கேன்சர்னு மக்களுக்கு அதிகாரபூர்வமாத் தெரிஞ்சது.

நம்ம ஊர் மட்டும் என்ன? பயாப்ஸி ரிசல்ட் வந்த அன்னிக்கு மகன் மட்டும் தனியா உள்ளே வருவார். "சார், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார். வயித்துப் புண்ணுன்னு சொல்லிடுங்க." எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைச் சொல்வாங்க. பாசத்தில் கேக்கறாங்க, அதில் சந்தேகமே இல்லை.

ஆனா 'இகிரு' என்ன காட்டுதுன்னு பாருங்க. வட்டனாபேவுக்கு உண்மை தெரிஞ்சதும் முதலில் இடிஞ்சு போறார். குடிக்கிறார், அலையறார், அழறார். அப்புறம் மேசை மேசையா அலைக்கழிக்கப்பட்ட ஒரு மனுவைக் கையில் எடுக்கிறார். சாக்கடை தேங்கின ஒரு இடத்தைக் குழந்தைகள் விளையாடற பூங்காவா மாத்தணும்னு சில தாய்மார்கள் கொடுத்த மனு. மிச்சமிருக்கிற மாசங்களை அதுக்கே கொடுக்கிறார். பூங்கா வருது. பனி கொட்டற ராத்திரியில் அதே பூங்காவின் ஊஞ்சலில் ஆடிக்கிட்டே அவர் பாடற காட்சியை ஒரு தடவை பார்த்தா மறக்காது.

அந்தப் பக்கத்து சீட்டு மனுஷன் மட்டும் வாய் திறக்காம இருந்திருந்தா? வட்டனாபே லேசான அல்சரோட ஆபீஸ் போயிருப்பார். முத்திரை குத்திக்கிட்டே செத்திருப்பார். பூங்கா வந்திருக்காது. டாக்டர் மறைச்சது நோயை மட்டும்னு அவர் நினைச்சிருப்பார். கூடவே அந்த மனுஷனோட மிச்ச நேரத்தையும் மறைக்கப் பார்த்திருக்கார்.

எல்லாருக்கும் எல்லாத்தையும் ஒரே நாளில் கொட்டணும்னு சொல்லலை. எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறீங்கன்னு நோயாளியையே கேக்கலாம். அவர் கேக்கற அளவுக்கு, அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு சொல்லலாம். சொல்லி முடிச்சதும் கிளம்பிப் போயிடாம கூட இருக்கணும், அவ்வளவுதான்.

நாலாவது: நீதே. 'ரெட் பியர்ட்', 1965. செந்தாடி.

எடோ காலத்தில் ஏழைகளுக்காக அரசாங்கம் நடத்தின இலவச ஆஸ்பத்திரி. கொயிஷிகாவாங்கிற இடத்தில் 1722-ல் நிஜமாவே தொடங்கப்பட்டது. நாகசாகியில் டச்சு மருத்துவம் படிச்சுட்டு, ஷோகுனுக்கே வைத்தியராகலாம்னு கனவோட வர்ற யாசுமோட்டோ இங்கே மாட்டிக்குவான். யூனிஃபார்ம் போடமாட்டேன்னு அடம்பிடிப்பான்.

நம்ம ஹவுஸ் சர்ஜன் பசங்க ஞாபகம் வருதா?

செந்தாடி டாக்டர் அவனுக்குக் கொடுக்கிற ஆரம்பப் பாடங்களில் ஒண்ணு, சாகப்போற ஒரு கிழவர் பக்கத்தில் அவனை உக்கார வைக்கிறது. பாரு. கடைசி வரைக்கும் பாரு. 1923-ல் இடிபாடுகளுக்கு நடுவே ஹெய்கோ தம்பியிடம் சொன்னதும் இதேதான்னு எனக்குத் தோணும்.

இன்னொரு காட்சி. விபச்சார விடுதியிலிருந்து மீட்டு வந்த ஒரு சிறுமி, காய்ச்சலில் கிடக்கிறாள். யாரையும் நம்பமாட்டாள். டாக்டர் ஸ்பூனில் மருந்து நீட்டுவார், தட்டிவிடுவாள். மறுபடி நீட்டுவார், மறுபடி தட்டிவிடுவாள். அவர் முகத்தில் கோபமே வராது. கடைசியில் ஒரு வாய் குடிப்பாள். மருத்துவம்னா என்னன்னு யாராவது கேட்டா இந்த ஒரு காட்சியைக் காட்டினாப் போதும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இவ்வளவும் எடுத்த மனுஷனோட வாழ்க்கை 'ரெட் பியர்ட்' படத்துக்கு அப்புறம் சரிஞ்சது. 16 படங்களில் கூட நடிச்ச தொஷிரோ மிஃபூனேயோட சேர்ந்து செய்த கடைசிப் படம் அதுதான். ஹாலிவுட்டின் 'டோரா! டோரா! டோரா!' படத்திலிருந்து நீக்கப்பட்டார். 1970-ல் தன் முதல் கலர் படமான 'டோடெஸ்காடென்' எடுத்தார். ஓடலை. அடுத்த படத்துக்குப் பணம் போட ஆளில்லை.

1971 டிசம்பர் 22. குரோசாவா தற்கொலைக்கு முயன்றார். 61 வயசு. எப்படின்னு நான் எழுதப்போறதில்லை, யாரும் எழுதவும் கூடாது. பிழைச்சுக்கிட்டார்.

ஒரு டாக்டரா அந்த வருஷத்துக் குரோசாவாவைப் பாருங்க. அறுபதைத் தாண்டின ஆண். குடும்பத்தில் ஏற்கனவே ஒரு தற்கொலை. அடையாளமா இருந்த வேலை கையை விட்டுப் போயாச்சு. வரிசையாத் தோல்வி. நாங்க படிச்ச புத்தகத்தில் இருக்கிற ஆபத்துக் காரணிகள் அத்தனையும் ஒரே ஆளிடம். உலகமே கொண்டாடின மேதைங்கிறது இதில் எதையும் தடுக்கலை.

அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

சோவியத் யூனியன்லேருந்து அழைப்பு வந்தது. சைபீரியக் காட்டுக்குப் போய் 'டெர்சு உஸாலா' எடுத்தார், 1975. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் கிடைச்சது. 1980-ல் 'காகெமுஷா', கான் விழாவின் பெரிய விருது. 1985-ல் 'ரான்'. 1990-ல் 'ட்ரீம்ஸ்'. 1991-ல் 'ராப்சடி இன் ஆகஸ்ட்'. 1993-ல் 'மாதாதாயோ'.

ஆறு படம். எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு அவருக்கே தோணினதுக்கு அப்புறம் வந்த ஆறு படம். 1990-ல் கௌரவ ஆஸ்கர் வாங்கினப்போ அவருக்கு 80 வயசு. சினிமாவை நான் இன்னும் முழுசாப் புரிஞ்சுக்கலைன்னு அந்த மேடையில் சொன்னார்.

கஷ்டத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் ஆஸ்கர் வரும்னு சொல்லலை. வராது. அவருக்கும் அந்த ஆறில் எதுவும் சுலபமா வந்துடலை. 'ரான்' எடுத்துக்கிட்டிருந்தப்போ மனைவி யோகோ இறந்துபோனார். நான் சொல்றது இதுதான்: இனி ஒண்ணுமே இல்லைங்கிற அந்த நினைப்பை உண்மைன்னு நம்பிடாதீங்க. காய்ச்சலில் உடம்பு சுடற மாதிரி, மனச்சோர்வில் மனசு அப்படிச் சொல்லும். அது ஒரு அறிகுறி. அலை மாதிரி உச்சத்துக்குப் போகும், அப்புறம் இறங்கும். தற்கொலைக்கு முயன்று பிழைச்சவங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பின்னால் தற்கொலையில் இறக்கறதில்லைன்னு ஆய்வுகள் சொல்லுது. அதுக்காக அவங்களை அப்படியே விட்டுடவும் கூடாது. சிகிச்சையும் கூட ஆளும் தேவை.

அதனால கூட இருக்கறவங்களுக்கு ஹெய்கோ சொன்னதுதான். முகத்தைத் திருப்பிக்காதீங்க.

ரிட்டயர் ஆனதிலிருந்து சரியாத் தூங்காத அப்பா. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழற அண்ணன். நான் உங்களுக்கெல்லாம் பாரம்தானேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்ற சித்தப்பா. பக்கத்தில் உக்கார்ந்து நேராக் கேளுங்க: "செத்துடலாம்னு ஏதாவது தோணுதா?" அப்படிக் கேட்டா நாமளே யோசனை கொடுத்த மாதிரி ஆயிடுமோன்னு பயம் வேண்டாம். கேக்கறதால் ஆபத்து கூடறதில்லைன்னு ஆய்வுகள் தெளிவாக் காட்டியிருக்கு. கேட்டா, பல பேருக்கு அப்பாடான்னுதான் இருக்கும். ஆமான்னு பதில் வந்தா தனியா விடாதீங்க. டாக்டரிடம் கூட்டிக்கிட்டு வாங்க.

உங்களுக்கே அப்படித் தோணுதா? 14416-க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் இருக்கு. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு வேண்டாம், இப்பவே.

கடைசியா, 'மாதாதாயோ'ன்னா என்ன? ஜப்பானியக் குழந்தைகள் கண்ணாமூச்சி ஆடும்போது தேடறவன் "ரெடியா?"ன்னு கேப்பான். ஒளியறவன் "இன்னும் இல்லை"ன்னு கத்துவான். அதுதான் மாதாதாயோ. படத்தில் ஒரு வயசான வாத்தியார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பழைய மாணவர்கள் கூடி, கிளம்பத் தயாரான்னு கேலியாக் கேப்பாங்க. அவர் பெரிய கிளாஸ் பீரை ஒரே மூச்சில் குடிச்சுட்டு "மாதாதாயோ!"ன்னு கத்துவார்.

அதுதான் குரோசாவாவோட கடைசிப் படம். எடுத்தப்போ 80 தாண்டியாச்சு. 1998 செப்டம்பர் 6-ல் பக்கவாதத்தில் இறந்தார். 88 வயசு.

எதுலேருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, 'இகிரு'. இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுப் பெரியவங்களோட உக்கார்ந்து பாருங்க. முடிஞ்சதும் டிவியை அணைச்சுட்டு கொஞ்ச நேரம் பேசுங்க.