ஒரே பெயரில் இரு நூலகங்கள்

லினக்ஸில் இயங்கும் மென்பொருள்கள் பல, புகைப்படத்தைச் சுருக்குவதையும் விரிப்பதையும் தாமே செய்வதில்லை. லிப்ஜேபெக் என்னும் நிரல் நூலகத்திடம் அவ்வேலையை ஒப்படைத்துவிடுகின்றன. டொம் லேன் தலைமையிலான சுயாதீன ஜேபெக் குழு இதன் 6பி பதிப்பை 1998 மார்ச்சில் வெளியிட்டது. அதன்பின் 11 ஆண்டுகள் அடுத்த பதிப்பே வரவில்லை. மறுநாளே பழையதாகிவிடும் தாளில் எழுதிப் பழகிய எனக்கு இது பெரும் வியப்பு.

2009இல் 7ஆம் பதிப்பும் 2010 ஜனவரியில் 8ஆம் பதிப்பும் வெளியாயின. சிக்கலும் உடன் வந்தது. மென்பொருளும் நூலகமும் கைமாற்றிக்கொள்ளும் தரவுக் கட்டமைப்பிற் புதியவை சேர்ந்ததால் அதன் அளவு மாறிவிட்டது. பழைய அளவை நம்பி உருவான மென்பொருள் புதிய நூலகத்துடன் பேச இயலாது. 2010இல் வேகமான மாற்றாக வந்த லிப்ஜேபெக்-டர்போவை 6பி போலவும் 8 போலவும் நடக்குமாறு தொகுக்கலாம். டெபியன் முன்னதைத் தேர்ந்தது. டெபியனின் வழிவந்த உபுண்டு பின்னதைத் தேர்ந்தது. ஒரே வீட்டில் தாய்க்கு ஓர் அடுப்பு, பிள்ளைக்கு வேறு அடுப்பு.

என்னிடமுள்ள படப் பட்டியல் மென்பொருள் பழையது. தனக்குரிய 6பி நூலகத்தைத் தன் கோப்புறைக்குள்ளேயே சுமந்து திரிவது. உபுண்டுவைப் புதுப்பித்த பின்னர், எந்தப் படத்தைத் திறந்தாலும் "நூலகம் 62, அழைப்பவர் எதிர்பார்ப்பது 80" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டுத் தானாகவே மூடிக்கொண்டது. படங்களுக்குச் சேதமில்லை. ஆனால் யார், எந்த ஊர், எந்த நாள் என்று நான் எழுதிச் சேர்த்த குறிப்புகள் யாவும் அதன் வயிற்றுக்குள் கிடந்தன. அப்படங்களில் உள்ளோர் பலர் இன்றில்லை; அவர்களை அடையாளங் காட்டக்கூடியவர்களும் குறைந்துவிட்டனர்.

உண்மையில் அந்த ஒரு வரியிலேயே வழக்கின் விபரம் முழுவதும் இருந்தது. எனது மென்பொருள் 6பியை, அதாவது 62ஐ, நாடுகிறது. அதே மென்பொருள் துணைக்கு அழைக்கும் உபுண்டுவின் பட நூலகங்களோ 80ஐ நாடுகின்றன. இரண்டிலும் செயற்கூறுகளின் பெயர்கள் ஒன்றே. ஆசிரியபீடத்தில் ஒரே பெயரில் இரு உதவி ஆசிரியர்கள் இருந்தால், தொலைபேசியை முதலில் எடுப்பவரே பேசுவார் அல்லவா? இங்கே முதலில் எடுத்தது பழைய 62.

பழையதை அழித்துவிட்டு, புதிய நூலகத்துக்கே பழைய பெயரைச் சூட்டிவிடுங்கள் என்று ஆலோசனை கூறுவோர் உண்டு. அப்படிச் செய்தால் எண்கள் இடம் மாறுமேயன்றி வழக்குத் தீராது. நூலகம் பதிப்பெண்ணையும் கட்டமைப்பின் அளவையும் சரிபார்த்த பின்னரே வேலையைத் தொடங்குகிறது.

"மாமா, பழசை எறிய வேணாம். அதுக்கு ஒரு பெயர்ப்பட்டி கட்டினால் காணும்" என்றான் கணினித்துறையிலுள்ள மருமகன். லிப்ஜேபெக்-டர்போவை 62 வடிவிலே தொகுத்து, அந்த மென்பொருளின் கோப்புறையிலிருந்த பழைய நூலகத்தின் இடத்தில் வைத்தான். டர்போவின் செயற்கூறுகள் ஒவ்வொன்றிலும் பதிப்பு முத்திரை உண்டு. 80ஐத் தேடி வரும் அழைப்பு, முத்திரை பொருந்தாமையால் இதனைக் கடந்து உரிய இடத்துக்குப் போய்விடுகிறது. மென்பொருள் திறந்துகொண்டது.

மென்பொருளைத் தாமே தொகுப்போருக்கு இன்னொரு தலையிடி. இரு பதிப்புகளின் உருவாக்கப் பொதிகளிலும் ஒரே பெயருடைய தலைப்புக் கோப்பு இருப்பதால் இரண்டையும் ஒருங்கே நிறுவ முடியாது. ஒன்றைக் கேட்டால் மற்றதையும், அதனைச் சார்ந்தவற்றையும் நீக்கட்டுமா என்று பொதி மேலாளர் கேட்கும். ஆம் என்பதற்கு முன் அப்பட்டியலைக் கடைசி வரி வரை வாசித்துவிடுங்கள்.

அப்இமேஜ் போன்ற ஏற்பாடுகள், அவரவர் நூலகத்தை அவரவரே சுமக்கட்டும் என்கின்றன. பிணக்கு வராதுதான். ஆயினும் பாதுகாப்புத் துளையொன்றை உபுண்டு அடைத்தாலும் அந்தத் தனிப் பிரதிகளை அது எட்டாது. இப்போது என் கோப்புறையிலிருப்பதும் அத்தகையதொரு பிரதியே. அதனால் குறிப்புகள் அனைத்தையும் வெற்று எழுத்துக் கோப்பாக எடுத்துப் படங்களின் அருகில் வைத்துவிட்டேன். 'பெயர் தெரியவில்லை' என்று முன்னர் எழுதி வைத்தவை சில இருக்கின்றன. அவற்றுக்கு ஆள் தேட வேண்டும்.