கம்பியின் உயரம்

சினிமாப் பாட்டுக்கு அடியில் ‘தும் தும்’ என்று ஒரு சத்தம் நடந்துகொண்டே இருக்குமே, அதுதான் பேஸ் கிட்டார். அது நின்றால்தான் இவ்வளவு நேரம் இருந்ததே தெரியும். இளையராஜா பாட்டுக் கேட்டு வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பகலில் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர், முகூர்த்த நாள் மாலைகளில் கல்யாண மேடையின் பின்வரிசையில் பேஸ் கிட்டார் என்று என் காலம் ஓடியது.

இப்போது வயது 68. கச்சேரி நின்று பல வருடம் ஆகியும் சாயங்காலம் அரை மணி நேரமாவது வாசிப்பேன். போன வருடம் இடது கை மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் வலி வந்தது. மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். அழுத்தி வேலை செய்யக்கூடாதாம். “பேரன்கிட்ட கொடுத்துடுங்களேன்” என்றாள் மனைவி. அக்கறையில் சொன்னதுதான். ஆனாலும் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கிட்டாரை மடியில் போட்டு ஸ்கேலால் அளந்தேன். 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. அவ்வளவு தூரம் ஒவ்வொரு முறையும் அழுத்தினால் இளைஞன் விரலும் வலிக்கும்.

காரணம் எளிது. நான்கு கம்பியும் சேர்ந்து கிட்டாரின் கழுத்தை 70, 80 கிலோ விசையில் இழுக்கின்றன. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடிக்கும், கோடையில் காயும். வருடக்கணக்கில் கழுத்து வில் போல முன்னால் வளைய, கம்பி மேலே போய்விடும். இதற்காகவே கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு வைத்திருக்கிறார்கள். 1951இல் லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே கம்பியின் உயரத்தை மாற்றும் வசதி அதில் இருந்தது.

முதலில் சுருதி சேர்த்துக்கொண்டேன். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு, அதாவது 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு, இடைவெளி இருக்க வேண்டும். பணிமனைக் காலத்து ஃபீலர் கேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அது 0.8 காட்டியது. ஆலன் கீயால் தண்டை வலப்பக்கமாகக் கால் சுற்று திருகினேன். அன்றைக்கு அவ்வளவுதான். மரம் உடனே அசையாது. அவசரப்பட்டு இறுக்கினால் தண்டு போய்விடும். மறுநாள் பார்த்துவிட்டு இன்னொரு கால் சுற்று.

அப்புறம் பிரிட்ஜ். ஒவ்வொரு கம்பிக்கும் கீழே குட்டித் திருகாணிகள் உண்டு. தடித்த கம்பியை 2.5 மில்லிமீட்டருக்கும், மெல்லிய கம்பியை 2 மில்லிமீட்டருக்கும் இறக்கினேன். இன்னும் இறக்க ஆசைதான். ஆனால் கம்பி அதிர இடம் வேண்டுமே. ரொம்பத் தாழ்ந்தால் ஃப்ரெட்டில் தட்டி ‘கர்ர்’ என்று இரையும். உயரம் மாறினால் மேல் ஸ்வரங்களின் சுருதியும் விலகும். அதனால் கடைசியாக, 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தால் வருவது திறந்த கம்பியின் அதே ஸ்வரம்தானா என்று பார்த்து, பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டைக் கொஞ்சம் நகர்த்தினேன். பேரன் செல்போனில் ட்யூனரைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, இன்னும் கொஞ்சம்” என்று மேஸ்திரி வேலை பார்த்தான்.

வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான். ஆனால் விரலைச் சும்மா வைத்தாலே இப்போது ஸ்வரம் பேசுகிறது. கால் மணி வாசித்து, ஓய்வு கொடுத்து, மறுபடி கால் மணி. வலிக்காத வரை வாசிக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பேரனுக்குக் கிட்டார் கிடைக்கும், ஆனால் இந்த வருடம் இல்லை.

உங்கள் வீட்டிலும் கிட்டாரோ மாண்டலினோ ‘கை வலிக்குது’ என்று பரண் ஏறியிருந்தால், யாருக்காவது கொடுக்கும் முன் ஒரு ஸ்கேலை எடுத்துக் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள்.