குளம் இல்லை, முத்திரை உண்டு

பெயர் கிரான்மியர் குளம். தண்ணீரைத்தான் காணோம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில், டார்ட்மூர் மேட்டு நிலத்தின் வடக்கே, சேற்றுக்கு நடுவில் ஒரு பள்ளமும் கல்பெட்டியும். அவ்வளவுதான்.

1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி இங்கே ஒரு பாட்டில் வைத்தார். பாடுபட்டு வந்து சேர்பவர்கள் பெயர் அட்டையைப் போட்டுவிட்டுப் போகலாம். இன்று டார்ட்மூரின் பாறை இடுக்குகளில் எத்தனையோ டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். அதை நோட்டில் குத்திக்கொள்வதுதான் பரிசு.

லேசில் கிடைக்காது. காம்பஸ் கணக்கு சற்றுப் பிசகினால் எல்லாப் பாறையும் ஒன்றுபோலத் தெரியும். மூடுபனி இறங்கினால் வந்த வழியே மறைந்துவிடும். வடக்குப் பகுதி ராணுவத்தின் சுடும் பயிற்சிக் களம் வேறு. சிவப்புக் கொடி பறந்தால் பாதி வழியானாலும் திரும்ப வேண்டியதுதான். சில சமயம் டப்பாவே காணாமல் போயிருக்கும்.

ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே வைத்திருந்த பிழை 2000 மே மாதம் நீங்கியதும் பிறந்த 'ஜியோகேச்சிங்' இதன் தம்பி. அந்தக் கருவியும் கடைசிச் சில மீட்டரில் கைவிட்டுவிடும். பிறகு கல்லைப் புரட்ட வேண்டியதுதான்.

டார்ட்மூரில் நூறு ஸ்டாம்ப் சேர்த்தால் 'நூறு கிளப்'பில் இடம் உண்டு. பழைய நாட்களில், தன் விலாசம் எழுதிய தபால் அட்டையைப் பெட்டியில் விட்டுச் செல்வார்கள். அடுத்து வருபவர் எடுத்துப்போய்த் தபாலில் போடவேண்டும். அவர் என்றைக்கு வருகிறாரோ, அன்றைக்கு!