சிவப்பணுவுக்குள் ஓர் ஓவியம்

மலேரியா ஒட்டுண்ணியை மருத்துவ நூலுக்கு வரைபவரின் களம் சுமார் 7 மைக்ரான் அகலமுள்ள ஒரு சிவப்பணு. அதை இரண்டாயிரம் மூவாயிரம் மடங்கு பெரிதாக்கி, உள்ளே கிடப்பதை இடம் பிசகாமல் தாளில் வைக்கவேண்டும். ரத்தமும் திசுதான், திரவ இணைப்புத் திசு என்று வகைப்படுத்துவார்கள். மற்றத் திசுக்களைப் போல மெழுகில் பதித்துச் சீவும் வேலை இதில் இல்லை. விரல்நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு, கண்ணாடிச் சில்லில் மெல்லிய தடவல், மேலே சாயம், அவ்வளவே. வேலை எளிது என்று இதற்குப் பொருளில்லை.

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு இந்த ஒட்டுண்ணி பழைய பழக்கம். தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1794ல் மலேரியாவில் இறந்தார். ஜார்ஜ்டவுனில் சுல்தான் அகமது ஷா சாலைப் பழைய கல்லறைத் தோட்டத்தில், மரநிழலில், அவர் சமாதி இருக்கிறது. நீரிணைக்கு அக்கரையில் சுமத்ராவின் டெலி தோட்டங்களில் மருத்துவராக இருந்த வில்ஹெல்ம் ஷுஃப்னர், வைவாக்ஸ் வகை தொற்றிய சிவப்பணுக்களில் செந்நிறப் பொட்டுகள் இறைந்து கிடப்பதை 1899ல் விவரித்தார். ஷுஃப்னர் புள்ளிகள் என்ற பெயர் அப்படி வந்தது. அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டு வரைந்த வைவாக்ஸ் படம் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் உதவாது.

புள்ளிகள் தெரிவது சாயம் போடுபவர் கையில் இருக்கிறது. ஹாம்பர்க்கில் குஸ்டாவ் கீம்சா 1904ல் செம்மைப்படுத்திய சாயமே இன்றும் புழங்குகிறது: ஒட்டுண்ணியின் உட்கரு சிவப்பாகவும் உடல் நீலமாகவும் ஏறும். சாயத்தைக் கரைக்கும் நீரின் காரகாடி அளவு 7.2 அளவில் நிற்கவேண்டும். அமிலப்பக்கம் சாய்ந்தால் புள்ளிகள் காணாமல் போகும். அப்படிப்பட்ட சில்லைப் பார்த்து ஓவியர் எவ்வளவு நேர்மையாக வரைந்தாலும் படம் பொய்தான். ஆகவே இந்தக் கலையின் முதல் ஆள் ஓவியர் அல்லர், சாயம் போடும் ஆய்வுக்கூடப் பணியாளர். நூல்களின் முகப்பில் அவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது.

புகைப்படம் இருக்க ஓவியம் எதற்கு என்ற கேள்விக்கு விடை நுண்ணோக்கியின் குமிழில் இருக்கிறது. எண்ணெய் தோய்த்துப் பார்க்கும் நூறு மடங்கு வில்லை, ஒரு மைக்ரானுக்கும் குறைந்த ஆழத்தைத்தான் ஒரு நேரத்தில் தெளிவாகக் காட்டும். குமிழை மெல்லத் திருப்பினால் ஒரு மட்டத்தில் உட்கரு, இன்னொன்றில் நிறமித் துணுக்கு. ஓவியர் இவற்றை ஒரே தாளில் சேர்க்கிறார். சில்லும் தாளும் ஒருசேரக் கண்ணில் படும்படி பட்டகமும் கண்ணாடியும் பொருத்திய கேமரா லூசிடா, வெளிக்கோட்டையும் அளவையும் காப்பாற்றுகிறது. நிறத்தைக் காப்பாற்றுவது கண்தான். பிறகு வளர்ச்சிப்படி வரிசை: இளம் வளையம், வளர்ந்த நிலை, பிளவுபட்ட நிலை, பாலணு. ஒரு பலகைக்கு, அதாவது நூலின் ஒரு முழுப்பக்கப் படத்துக்கு, பல சிவப்பணுக்கள் தேவைப்படும். எது அந்த நிலைக்குச் சரியான மாதிரி என்று தேர்ந்தெடுப்பதில்தான் ஓவியரின் மருத்துவ அறிவு வெளிப்படும்.

இவ்வகையில் சிறந்தவை என்று சொல்லத்தக்கவை கெர்ட்ரூட் நிக்கல்சன் வரைந்த வண்ணப் பலகைகள். கோட்னியும் மூவரும் எழுதி 1971ல் வந்த குரங்கின மலேரியா நூலில் அவை உள்ளன. கிப்பன் குரங்கில் கண்டறிந்த எய்லெசி வகைக்கும் அதில் இடமுண்டு. அதை 1965ல் விவரித்தவர்களில் ஒருவர், மலாயா மலேரியா பற்றி 1959லேயே நூல் எழுதிய ஏ. ஏ. சந்தோஷம்.

அதே 1965ல்தான் இந்தக் கலையின் எல்லையும் தெரிந்தது. பகாங் காட்டில் நில அளவை வேலை பார்த்து அமெரிக்கா திரும்பிய ஒருவரின் ரத்தத்தில் இருப்பது மனித மலேரியா வகைகளில் ஒன்றான ஃபால்சிபாரம் என்றார்கள், பிறகு இன்னொன்றான மலேரியே என்றார்கள். ரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்த பின்னரே அது குரங்குகளுக்குரிய நோலெசி என்று உறுதியானது. குழப்பம் இயல்பானதே: நோலெசியின் இளம் வளையம் ஃபால்சிபாரத்தைப் போலிருக்கும், வளர்ந்தபின் சிவப்பணுவின் குறுக்கே பட்டையாக நீண்டு மலேரியேவைப் போலத் தோன்றும். விளைவோ மிகவும் வேறு. மலேரியே 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகிறது, நோலெசி 24 மணி நேரத்தில்.

சரவாக்கின் காபிட்டில் பால்பீர் சிங் குழுவினர் 2004ல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த 208 நோயாளிகளில் 120 பேருக்கு நோலெசி இருந்தது மரபணுச் சோதனையில் தெரிந்தது. நுண்ணோக்கி அவர்களில் பெரும்பாலோரை மலேரியே என்றே காட்டியிருந்தது. மலேசியாவில் 2018 முதல் உள்நாட்டு மனித மலேரியா இல்லை. ஆனால் நோலெசி தொடர்கிறது. பினாங்கு தாவரவியல் பூங்காவில் திரியும் நீள்வால் குரங்கினமே காடுகளில் அதற்கு முக்கிய உறைவிடம். ஆகவே பட்டை வடிவம் கண்ணில் பட்டால் பலகையை ஒப்பிட்டு முடிவு சொல்வதோடு வேலை தீர்வதில்லை. இனம் உறுதிப்பட ரத்தம் மரபணுச் சோதனைக்குப் போகிறது. எத்தனை சிவப்பணுக்களில் ஒட்டுண்ணி ஏறியிருக்கிறது என்ற எண்ணிக்கையை மட்டும் இன்னும் நுண்ணோக்கிதான் சொல்கிறது.